மார்புவலி எனக்கில்லை

இன்று காலை அக்கரையிலிருந்து ஃபெர்ரியில் ஒரு மார்புவலிக்காரரைக் கொண்டுவந்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், சவரிமுத்து.

எங்கள் ஆஸ்பத்திரியின் புது இருதய மெஷினைப் பார்த்து மிரண்டுவிட்டார். இரண்டு கையையும் இடது காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் விட்டால், இருதயத் துடிப்பு போட்டோக் கண்ணாடித் தகட்டில் கோடாக விழும்.

“கரண்டு இழுத்துடும்லா, டிரசர் ஐயா!”

பயம் தெளியட்டும் என்று, டாக்டருக்கு உதவியாளான டிரசர் நானே முதலில் உட்கார்ந்து காட்டினேன். பிறகு அவர்.

இரண்டு தகடுகளையும் கழுவி மாட்டினேன். டாக்டர் ஒன்றையே வெகுநேரம் பார்த்தார்.

“இந்த ஆள எழுந்திரிக்க விடாதீங்க. இருதயத்துல ஒரு பக்கம் செத்துப் போயிருக்கு.”

மண்டோரைப் பிடிக்க ஓடினேன்.

“அவர் இல்ல. அவருக்கு வெறும் வாயு.”

தகட்டின் மூலையில் என் பெயர்.

மறுபடி எடுத்தோம். அதே கோடு.

மண்டோர் மத்தியான ஃபெர்ரியில் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கென்று நான் விரித்த கட்டிலில் படுத்து இதை எழுதுகிறேன். சத்தியமாக எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை.

உங்களுக்கும் எங்கேயும் வலிக்கவில்லையா? நாளைக்கு வாருங்கள். வாளியில் தண்ணீர் இருக்கிறது.