ஸ்டூலும் தொட்டிலும்

பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து நான் வேலைக்குப் போன ஆலையில் நூல் சுற்றும் பிரிவு முழுக்கப் பெண்கள். பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். மற்றவர்களுக்குக் கன்னடம், தெலுங்கு, தக்கினி உருது. ஐம்பதுகளின் கடைசியில், எங்கள் குறைகளை மேனேஜரிடம் எடுத்துச் சொல்ல எங்களுக்குள்ளேயே ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. நான் நின்றேன். ஓரளவு படித்தவள், சர்ச்சில் பாடுகிறவள், இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுகிறவள் என்பதால் ஜெயித்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

எதிரில் நின்றவள் கன்னடக்காரி, என்னைவிட இளையவள். எழுதப் படிக்கத் தெரியாது. கைக்குழந்தையைத் தன் மூத்த மகளின் மடியில் கொடுத்து, இருவரையும் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வருவாள். அப்படிப் பிள்ளையை வெளியே விட்டு வந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு தொட்டில் ரூம். என் பக்கம் இருந்தவர்கள் வயது கூடியவர்கள். நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்று கால் வீங்கிப்போனவர்கள். அவர்கள் கேட்டது நடுநடுவே உட்கார ஸ்டூல்.

பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைத்திருந்ததைப் பார்த்து, நாங்களும் ஆளுக்கொரு டப்பா வைத்தோம். அடையாளத்துக்கு என்னுடையதில் மஞ்சள், அவளுடையதில் குங்குமம். புடவை மறைப்புக்குப் பின்னால் போய்ப் புளியங்கொட்டை ஒன்றைப் போட வேண்டும். நான் தோற்றேன். தமிழ்ப் பெண்கள் பலரும் அவளுக்குப் போடாமல் அது நடந்திருக்காது. காரணம் எனக்குத் தெரியும். ஒருமுறை மேஸ்திரி ஒரு பெண்ணைக் கெட்ட வார்த்தையால் திட்டியபோது, மெஷினை நிறுத்திவிட்டு அவன் எதிரே போய் நின்றவள் அவள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து நான் சமைத்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜெயித்ததைக் காட்டிக்கொள்ள வந்திருக்கிறாள் என்று நினைத்து முகம் கொடுக்காமல் இருந்தேன்.

"அக்கா, உங்க டப்பாவுல போட்டவங்களுக்கு என்னென்ன கஷ்டம்? ஸ்வல்பம் சொல்லுங்க" என்றாள்.

அவர்களிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்ல மாட்டாங்க அக்கா. ஆனா உள்ள போய் அவங்களுக்கும் சேத்துத்தானே நான் பேசணும்."

அதற்குமேல் கோபமாக இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.

சில வாரம் கழித்து மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களையெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் வரச் சொல்லி, அங்கே நடந்ததைச் சொன்னாள். ஸ்டூல் இந்த மாதமே வந்துவிடும். ஆனால் எங்கள் பிரிவுக்குத் தொட்டில் ரூம் தேவையில்லை என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் பேச்சு.

"சரின்னு சொல்ல எனக்கு வாய் வரல. என் குழந்தையும் வெளிய கிடக்குது, அதனால முடியாதுன்னு நான் மட்டும் சொல்றதும் நியாயமில்ல. நீங்கதான் சொல்லணும். அக்கா முதல்ல பேசட்டும்" என்று என்னைக் காட்டினாள்.

ஸ்டூல் கேட்ட பெண்களுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைக்காரிகள் கொஞ்சம் பேர்தான். கை தூக்கச் சொன்னால் அந்த நிமிஷமே முடிந்துவிடும். அவர்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பால் கொடுக்கும் நேரம் தாண்டியிருந்தது. ஒருத்தியின் ரவிக்கை நனைந்திருந்தது. அவள் முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

நான் எழுந்து பேசினேன். "நமக்கு வேண்டாம்னா, நமக்கு வேண்டாம்னு நாம சொல்லலாம். அவங்களுக்கு வேண்டாம்னு நாம எப்படிச் சொல்றது? நாம நிறைய பேர் இருக்கோம்ங்கறதுக்காக அதைச் சொல்லிட முடியுமா?"

பெரிய சத்தம் கிளம்பியது. காலில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்யும் ஒரு அம்மாள், பிரேசர் டவுன் பக்கத்திலிருந்து வருகிறவள், எனக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள். "உனக்கு வயசு இருக்கு, நிப்பே. நான் எத்தினி நாளு நிப்பேன்?" என்று கேட்டாள். மற்றவர்களும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். கன்னடத்தில் சொன்னதைத் தமிழிலும், தமிழில் சொன்னதைத் தெலுங்கிலும் யாராவது ஒருத்தி எடுத்துச் சொன்னாள். ஒருவரும் சாப்பிடவில்லை.

சங்கு ஊதும் நேரம் நெருங்கியதும், மேனேஜர் சொன்னதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றாள் கன்னடக்காரி. ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. அந்த அம்மாள் எல்லோரையும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தூக்கினாள்.

ஸ்டூல் வரவில்லை. பல மாதம் வரவில்லை. என்னால்தான் வரவில்லை என்று என் காதுபடவே திட்டினார்கள். கன்னடக்காரி விடாமல் மேனேஜர் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நானும் கூடப் போனேன். அவள் சொல்வதை இங்கிலீஷில் சொல்வது என் வேலை. கடைசியில் கேட் பக்கம் தகரக் கூரை போட்டு ஒரு அறை கட்டினார்கள். தொட்டில் கட்டி, பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவையும் வைத்தார்கள். அதற்கும் பிறகுதான் ஸ்டூல் வந்தது.

அதற்குள் அந்த அம்மாள் கால் முடியாமல் வேலையை விட்டுவிட்டாள். கடைசி நாளிலும் நின்றுதான் வேலை செய்தாள். மாலையில் அவள் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு கேட் வரை கூட நடந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் கொஞ்ச நாளாவது உட்கார்ந்திருப்பாள் என்று சொன்னேன்.

அவள் நின்றாள். "நீ பேசினே, நான் கேட்டுக்கினேன். மனசில்லாமதான் கையைத் தூக்கினேன். ஆனா தூக்கினது நானு. அதையும் நீயே எடுத்துக்காதே" என்றாள்.

பிறகு தூக்குச்சட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து மெதுவாக நடந்தாள்.