கால் வைத்த அரைமணி நேரம்

பிறக்கும்போது நான் தலைக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு வந்தேனாம். அதில் அம்மா பட்ட பாட்டை வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. என் காலைப் பற்றித்தான் பேசினார்கள். அப்படிப் பிறந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் செம்பாக்கம் தெருவே நம்பியது. எட்டு வயதில் எனக்கு அவ்வளவு மவுசு. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கோணிக்கொண்டே வந்து கூடத்தில் குப்புறப் படுப்பார். வலது காலால் மூன்று மிதி. “இன்னாம்மா இது, பாப்பா கால் வெச்சதும் வலி ஓடியே பூட்ச்சு!” என்று எழுந்து போவார். மறுநாள் சாக்லேட் வரும்.

அம்மாவிடம் மட்டும் என் கால் செல்லவில்லை. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அவள் டீச்சர். நாளெல்லாம் நின்று பாடம் நடத்துவாள், பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருவாள், வந்ததும் அடுப்படியில் நிற்பாள். அந்த வருஷம் இடுப்பில் பிடித்த வலி கெண்டைக்கால் வரை சுண்டி இழுத்தது. ஒரு வாரம் மிதித்துப் பார்த்தேன், வலி அதிகமானதுதான் மிச்சம்.

கடைசியில் அப்பா ஸ்கூட்டரில் எங்களைத் தாம்பரத்துக்குக் கூட்டிப்போய், கைரோபிராக்டிக் டாக்டர் ஒருவரிடம் விட்டுவிட்டு வெளியிலேயே நின்றார். நெட்டி முறிக்கிற டாக்டர் என்று, எங்கள் வீட்டிலேயே இருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, அவருக்குப் பெயர் வைத்திருந்தாள். அவர் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு முழங்காலை மடக்கி, இடுப்பில் கைவைத்து ஓர் அழுத்து அழுத்தினார். டக்கென்று சத்தம் கேட்டது.

“நரம்பு அழுந்தியிருக்கு. நான் பண்றது மட்டும் போதாது. தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் படுக்கணும். யாரும் ஏறி மிதிக்கக் கூடாது” என்றார். எனக்கு மானமே போனது.

அன்று சாயங்காலம் அம்மா படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் அத்தை காபி கேட்டாள், அப்பா துண்டு எங்கே என்றார். “எனக்குந்தான் இடுப்பு வலிக்குது. நான் என்ன, படுத்துட்டா இருக்கேன்?” என்றாள் அத்தை. அம்மா எழுந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டாள். “மிதிக்காத. சும்மா காலை வெச்சுக்கிட்டு உக்காரு.” கூடத்திலிருந்து அத்தை கூப்பிட்டதும், “பாப்பா கால் வெச்சிருக்கா!” என்று அம்மா குரல் கொடுத்தாள். வீடு அடங்கிப்போனது. அத்தையே போய்க் காபி போட்டாள். அதன் பிறகு தினமும் நான் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன், அம்மா வாய் லேசாகத் திறந்தபடி தூங்குவாள். அழுத்தாமல் எப்படி வலி போகும் என்று எனக்கு ஒரே சந்தேகம்.

ஆனால் போனது. வாரம் இரண்டு முறை டாக்டரிடமும் போய்வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சுவரைப் பிடிக்காமல் குனிந்து வாளியைத் தூக்குவதைப் பார்த்துவிட்டேன். இராத்திரி சாப்பாட்டில், எல்லோரும் இருக்கும்போது, “அம்மாவுக்குச் சரியாயிடுச்சு! என் கால்தான் சரி பண்ணுச்சு!” என்று கத்தினேன்.

அத்தை எனக்குத் திருஷ்டி கழித்தாள். “அப்பாடா. இனிமே டாக்டர்கிட்டயும் போக வேண்டாம்” என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தாள். என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் நானே ஸ்டூலைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். “வேணாம்மா. அதான் சரியாயிடுச்சே” என்றாள், அடுப்பைப் பார்த்தபடி.

அரையாண்டுப் பரீட்சைக்குள் வலி திரும்பிவிட்டது. பெண் வளர வளரக் காலின் சக்தி போய்விடும் என்று அத்தை தீர்ப்பு சொன்னாள். பள்ளியிலிருந்து வந்து, அடுக்களை வாசலில் உட்கார்ந்து, போன சக்திக்காக நான் விக்கி விக்கி அழுதேன். வீட்டில் ஒருத்திக்கு இருந்த ஒரே அரைமணி நேரத்தைப் பிடுங்கியது நான்தான் என்று இப்போது என் இடுப்பு வலிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அன்று அது தெரியவில்லை. அம்மாதான் வெகுநேரம் என் தலையைத் தடவிச் சமாதானம் சொன்னாள், ஒரு கையால் சுவரைப் பிடித்து நின்றுகொண்டே.