நாரை எழுதி முடிக்கும் வரை

‘ஆக்டிவிட்டி இல்லை’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் சதுப்பை மூடியவன் சொன்ன காரணம் அதுதான்.

நான் சொல்வது பள்ளிக்கரணைச் சதுப்பை அல்ல. இணையத்தில் நாங்கள் ஆடிய விளையாட்டில் ஒரு கூட்டத்துக்கு அந்தப் பெயர். அந்த விளையாட்டில் படமில்லை, துப்பாக்கியில்லை. ஒரு காடு, அதை எழுத்தாலேயே நடத்த வேண்டும். ஆளுக்கொரு பறவையாகவோ விலங்காகவோ இருந்து, அடுத்து என்ன நடக்கிறது என்று எழுதுவோம். மலை, ஆறு, புல்வெளி, சதுப்பு என்று நான்கு கூட்டங்கள். கீழ்க்கட்டளையிலிருந்து அலுவலகம் போகும் பேருந்தில் நின்றபடியே நான் நீர்க்கோழியாக எழுதுவேன். பம்மலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஓர் அண்ணன்தான் எங்கள் எருமை. வண்டி நிறையும்வரை ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுவார். நாரை, தாம்பரத்தில் ஓர் ஆசிரியை. எங்கள் இருவருக்கும் அவர் அக்கா.

அக்காவுக்குக் கழுத்தில் ஓர் அறுவை சிகிச்சை நடந்து, குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். வகுப்பிலிருந்து எடுத்துப் பள்ளி அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டில் அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் மிச்சத்தைக் கணவர் முடித்துவிடுவார். இல்லாவிட்டால் மகள் முடித்துவிடுவாள். சர்ச்சில் ஜெபத்தைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் முடித்துவைக்கிறார் என்று ஒருமுறை எழுதியிருந்தார். எல்லாம் அன்புதான். அந்த அன்பைத் தூக்கிக் குப்பையில் போடு என்று எனக்குத் தோன்றும்.

ஆசிரியை அல்லவா, ஒரு வரியை அடித்து அடித்துத் திருத்தாமல் அனுப்ப மாட்டார். அதனால் சதுப்பில் ஒரு பழக்கம் வந்தது. ‘நாரை எழுதிக்கொண்டிருக்கிறது’ என்று திரையில் தெரிந்தால், எருமை அசை போடும், நீர்க்கோழி தண்ணீருக்குள் போய்விடும். அக்கா முடிக்கும்வரை யாரும் ஓர் எழுத்துகூடப் போட மாட்டோம். யாரும் போட்ட விதியில்லை இது.

விளையாட்டை நடத்தியவன் பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கி மேற்படிப்பு படிப்பவன். திடீரென்று ஒருநாள், கூட்டங்களை மாற்றி அமைக்கப்போகிறேன் என்று அறிவித்தான். எந்தக் கூட்டத்தில் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டினான். எங்கள் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஆகவே சதுப்பை ஆற்றோடு சேர்க்கப் போகிறானாம். ஆற்றுக் கூட்டம் மீன் மார்க்கெட் மாதிரி. ஒருவர் எழுதும்போதே பத்துப் பேர் எழுதுவார்கள்.

ஆட்டோ அண்ணன் எனக்குப் போன் போட்டார். “இன்னாம்மா இது, மெர்ஜு கிர்ஜுன்னு பேஜார் பண்ணிகினு கீறான்? அக்கா அங்க போயி எப்டி எழுதும்?”

நான் அவனை நன்றாகத் திட்டி எழுதினேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம், ஊரறிந்த விஷயம். அக்காதான், சண்டை வேண்டாம், நேரில் உட்கார்ந்து பேசலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வர, தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஜூஸ் கடையில் நால்வரும் கூடினோம்.

“பர்சனலா எடுத்துக்காதீங்க அக்கா,” என்று என்னிடம் ஆரம்பித்தான். “சதுப்புல ஆக்டிவிட்டியே இல்ல. எல்லாரும் சும்மா இருக்கீங்க.”

“சும்மா இல்ல தம்பி. ஒருத்தர் முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கோம்.”

“வெயிட் பண்றதும் இன்ஆக்டிவ்தானே?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா முன்னால் சாய்ந்து, “நான்…” என்றார். மிக்சி சத்தத்தில் அந்தக் காற்றும் கேட்கவில்லை. “புரியுது மேடம், கஷ்டமாத்தான் இருக்கும். பழகிடும்,” என்று அவன் முடித்து வைத்தான்.

அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்து, சதுப்புக்குள் போய் எழுதத் தொடங்கினார். எல்லோர் திரையிலும் ‘நாரை எழுதிக்கொண்டிருக்கிறது’ என்று வந்தது. அண்ணன் கிளாசைக் கீழே வைத்தார். நானும் வைத்தேன். அவனும் கொஞ்சம் பொறுத்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு கால் ஆட ஆரம்பித்தது. ஜூஸ் தீர்ந்தது. “ஓகே, பேசியாச்சுல்ல? இப்பவே முடிச்சிடறேன்,” என்று தன் போனைத் தட்டினான். எங்கள் திரையிலிருந்து நாரை மறைந்தது.

அக்கா தன் போனை அழுத்தினார், திரும்ப அழுத்தினார். பிறகு எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘இங்கே எழுத உங்களுக்கு அனுமதி இல்லை’ என்பதற்குக் கீழே அவர் எழுதியது அப்படியே நின்றது. நான் கடைக்கே கேட்கும்படி படித்தேன்.

“தம்பி, ஆற்றோடு சேர்த்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அங்கேயும் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுக்க வேண்டும் என்று விதி வையுங்கள். எனக்குப் பேச வேறு”

அதோடு நின்றிருந்தது.

“வேற இடம் இல்லன்னு சொல்ல வர்றீங்க. அதானே மேடம்?” என்றான்.

அக்கா இல்லையென்று தலையாட்டினார். அவன் கவனிக்கவில்லை, ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மேசையில் அறைந்த அறையில் கிளாஸ் உருண்டது. என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்றையும் திரும்பப் பெறுவதாக இல்லை. “வுடும்மா,” என்று அண்ணன் என் கையைப் பிடித்தார். “அக்கா இன்னும் முடிக்கல பாரு.”

அவன் செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்கப் போய்விட்டான். அண்ணன் எங்கள் மூவருக்கு மட்டும் புதிதாக ஒரு குழு தொடங்கினார். அக்கா விட்ட இடத்திலிருந்து எழுதினார், அழித்தார், எழுதினார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வந்தது.

“எனக்குப் பேச வேறு இடங்கள் இருக்கின்றன. முடிக்க விடும் இடம்தான் இல்லை.”

இதை அவனுக்கு அனுப்பலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். அதையும் அவன் பாதியிலேயே புரிந்துகொண்டுவிடுவான்.