எண் பார்த்து வருகிறவன்

என் அண்ணன் மருந்துக் கிடங்கில் சரக்கு மேலாளர். அலமாரி காலியாவதற்குச் சற்று முன்புதான் லாரி வந்து நிற்க வேண்டும். முந்தினால் இடம் வீண், பிந்தினால் பேர் கெடும். அந்தப் புத்தியைத் தொழிலோடு விட்டிருந்தால் எனக்கென்ன வந்தது? என் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கும் நேரம் பார்த்து வந்தான். அப்பாவைத் தூக்கும் நேரம் பார்த்து வந்தான். சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவின் புற்றுநோய் ஈரல்வரை பரவியதும், வலி தணிக்கும் வார்டில் சேர்த்தேன். அங்குள்ள டாக்டர், அண்ணனிடம் போனில் ஒன்றைச் சொல்லித் தொலைத்தார். ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஓர் அளவு உண்டாம். உடம்பில் அழற்சி கூடினால் அதுவும் கூடும். அது ஏறி, ஆல்புமின் என்ற புரதம் இறங்கினால், மிச்சமுள்ள காலம் குறைவு என்று ஊகிக்கலாமாம். வெறும் ஊகம்தான், கெடு அல்ல என்றும் சொன்னார். அண்ணன் காதில் முதல் பாதிதான் ஏறியது. குரங்கு கையில் பூமாலை.

அதன்பிறகு அம்மா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்றெல்லாம் அவன் கேட்டதே இல்லை. சி.ஆர்.பி. எவ்வளவு என்பான், குறைந்திருந்தால் போனை வைத்துவிடுவான். அம்மாவோ கதவு திறக்கும்போதெல்லாம் அவனா என்று தலையைத் திருப்புவாள். ஒருநாள் போன் ஸ்பீக்கரில் இருப்பது தெரியாமல் பேசினான்.

"ஏறினா சொல்லு, லீவு போடறேன். இப்பவே வந்து சும்மா உக்காந்து என்ன பண்றது?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாவி, பெற்றவளையும் சரக்குக் கணக்கில் சேர்த்துவிட்டான்.

மறுநாள் ரத்தம் எடுக்கும் பெண் வந்தபோது, அம்மா இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். டாக்டர் வற்புறுத்தவில்லை; அந்த எண்ணால் அவர் கொடுக்கும் மருந்து மாறப்போவதில்லை. அண்ணனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நீயாவது அம்மாவிடம் சொல்லக்கூடாதா என்று என்மேல் பாய்ந்தான்.

"வேணும்னா நீயே வந்து சொல்லு," என்றேன்.

வந்தான். கணக்குப் பார்க்காமல் அவன் கிளம்பி வந்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அம்மா அவன் கன்னத்தைத் தடவி, கண் நிறையப் பார்த்தாள். நானும் ஒரு நிமிஷம் இளகிவிட்டேன். அவனோ பையைத் தோளிலிருந்து இறக்காமலே டாக்டரைத் தேடிப் போய், ஏன் இன்னும் ரத்தம் எடுக்கவில்லை என்று வராந்தாவில் சத்தம் போட்டான்.

அவன் திரும்பி வந்தபோது ரத்தம் எடுக்கும் பெண் பக்கத்துக் கட்டில்காரருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைக் கூப்பிட்டு, போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினாள்.

"எடுத்துக்கம்மா," என்றாள். "இவன் எப்ப திரும்பிப் போகலாம்னு தெரியணும்ல?"