இடுப்புக்கு இறங்கிய கை

அந்தோணியின் இடது கண் போனதற்கு நான்தான் காரணம். நேற்று என்னுடைய பழைய புத்தகக் கடையில், குத்துச்சண்டை பற்றி நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். உப்புக்காற்றில் ஊறிய தாளின் வாடை, இன்று கன்டெய்னர் லாரிகள் நிற்கும் ராயபுரத்து இடத்தில் அன்று நாங்கள் குத்துச்சண்டை பழகிய தகரக் கொட்டகைக்கு என்னை இழுத்துப் போய்விட்டது.

மணல்மூட்டைச் சங்கிலியின் கிறீச்சொலி, கையில் சுற்றும் ஈரத் துணிகளின் வியர்வை நாற்றம், நடுவே கப்பல்காரன் ஒருவன் விட்டுப்போன ஆங்கிலக் குத்துச்சண்டைப் புத்தகம். பள்ளிக்கூடம் போகிறவன் என்பதால் மாலைதோறும் அதை நான் தமிழில் சொல்வேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அந்தோணி ஒருநாள் விளையாட்டாக என் பல்லை உடைத்துவிட்டு, "இன்னா வாத்தியாரே, பொஸ்தகம் வந்து தடுக்கலியா?" என்றான். கொட்டகையே சிரித்தது.

மறுநாள், குத்தியதும் இடது கையை முகத்துக்குத் திருப்பிக் கொண்டுவா என்றிருந்த வரியை, இடுப்புக்கு இறக்கு என்று மாற்றிச் சொன்னேன். மற்றவர்கள் தடுத்தும், புத்தகத்தில் இருக்கிறது என்று அவன் அப்படியே பழகினான். அடுத்த பந்தயத்தில், கை மறைக்காத முகத்தில் குத்து விழுந்து கண் போயிற்று.

போன வருடம் அதே புத்தகத்தைத் தேடி வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் பேரன் காற்றில் குத்திப் பழகிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்துக்குப் பின்பும் இடது கை இடுப்புக்கு இறங்கியது. பக்கத்தைத் திறந்து சரியாகப் படித்துக் காட்டினேன். பழிவாங்கத்தான் அன்று மாற்றிச் சொன்னேன் என்றேன்.

அந்தோணி சிரித்தான். "போ மாமு. அன்னிக்கு உனுக்குக் கண்ணு நல்லா இருந்துச்சு, கரீட்டா படிச்சே. இப்போ வயசாயிட்ச்சு, தப்பா படிக்கிறே."

பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கத்தினான்: "டேய், கைய இன்னும் எறக்குடா! பொஸ்தகத்துலயே போட்டுக்கீது!"