நிமிர்ந்துபோன கோணவாள்

தெருவில் அவளுக்குப் பல்செட் அக்கா என்று பெயர். பொய்ப்பல் செய்து பல் டாக்டர்களுக்கு அனுப்பும் பட்டறையில் வேலை. பகலெல்லாம் மெழுகை உருக்குவாள், ஈறுக்கு அச்சு எடுப்பாள், பல் வரிசை கட்டுவாள். யாராவது அவளிடம் வந்து சிரித்துப் பேசினால் முகத்தைப் பார்க்க மாட்டாள், வாய்க்குள்தான் பார்ப்பாள். சில பேர் அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டே வணக்கம் சொல்வார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டால் வேறு வேலை. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் வந்த, கையும் காலும் மடங்குகிற வீரர் பொம்மைகள் இருக்கின்றனவே, அவற்றின் சாமான்களைச் சரி செய்வாள். அந்தக் காலத்தில் அவை பிள்ளைகளின் சொத்து. இப்போது தொந்தியும் வழுக்கையுமாக இருக்கிற பெரிய மனிதர்கள் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கிட்டவே சேர்ப்பதில்லை. பொம்மை கெட்டியான பிளாஸ்டிக், அதற்கு ஒன்றும் ஆகாது. வாள், கேடயம், மேலங்கி எல்லாம்தான் மெத்தென்ற வினைல். வெயில் பட்டால் துவண்டுவிடும், பெட்டிக்குள் அமுங்கினால் கோணிக்கொள்ளும். அதற்கு வைத்தியம் வெந்நீர்தான். கொதிக்கக் கூடாது. விரல் வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் சூடு போதும். அதில் முக்கினால் வாள் வெந்த நூடுல்ஸ் மாதிரி குழையும். குழைந்ததை நேராக்கி ஐஸ் தண்ணீரில் போட்டால் அப்படியே விறைத்து நிற்கும்.

இதெல்லாம் நடப்பது சமையலறையில். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர், சாதுவான மனிதர். ஒருநாள் டீ குடிக்கும்போது பல்லில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் குட்டியாக ஒரு கோடரி.

"ஏன்டி, டீயில என்னடி போட்டிருக்க?"

"ஐயையோ, கடிச்சிட்டீங்களா? அது ஜோடிக் கோடரிங்க! இன்னொண்ணு எங்க? முழுங்கிட்டீங்களா?"

புருஷன் தொண்டையில் சிக்கியிருக்குமோ என்று அவள் பதறவில்லை. கோடரியில் பல் பதிந்திருக்கிறதா என்றுதான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இன்னொரு கோடரி வடிகட்டியில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதைக் குடித்தாலும் கரண்டி விட்டுத் துழாவிவிட்டுத்தான் குடிப்பார்.

இப்படிக் குண்டக்க மண்டக்கவென்று போய்க்கொண்டிருந்த வீட்டில் ஒரே ஒரு கவலை, சின்னவள். பெற்றவர்கள் போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவள் பல்செட் அக்காதான். சின்னவள் கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் நெட்டையன் ஒருவன்மேல் உயிர். அவனுக்கும் அப்படித்தான். நல்ல பையன், உலகத்தில் இருக்கிற எல்லா நிலைப்படியிலும் தலையை இடித்துக்கொள்வான் என்பதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் அப்பா சம்மதிக்க வேண்டுமே!

அப்பா ஹார்டுவேர் கடைக்காரர். ஆணி, தாழ்ப்பாள் விற்கிற மனிதர் வீட்டில் ஓர் அறை நிறைய வீரர் பொம்மைகள் வைத்திருந்தார். சம்பந்தம் பேசப் போன அன்று பெரிய மனது பண்ணி அந்த அறையைத் திறந்து காட்டினார். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். நம் டிரைவர் மட்டும் ஓரத்தில் இருந்த ஒரு பெட்டியை எடுத்தார், டர்ரென்று கிழித்தார், பொம்மையை வெளியே உருவினார். கம்பெனியில் ஒட்டிய நாளிலிருந்து யாருமே பிரிக்காத பெட்டி, பிரித்தால் மதிப்பே போச்சு!

"பாவம் சார், இத்தன வருஷமா உள்ளேயே கெடக்கு, மூச்சு முட்டாது?" என்றார் வெள்ளந்தியாக.

கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மயக்கம் தெளிந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "பெட்டியப் பிரிக்கிற குடும்பத்தோட எனக்குச் சம்பந்தமே வேண்டாம்!"

பிடித்த பிடியை அவர் விடவே இல்லை. சின்னவளும் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. "அவரு இல்லன்னா யாரும் வேண்டாம்க்கா, இப்படியே இருந்துடறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள். அதைக் கேட்ட பல்செட் அக்காவுக்கு, பெற்ற பிள்ளையாக வளர்த்தவள் தன் கண் முன்னாலேயே தனியாக நிற்பதா என்று மனசு ஆறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நெட்டையன் ஒரு நாள் காலையில் நிலைப்படியில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தான். உள்ளே ஒரு சின்ன வாள், அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது.

"அப்பாவோட புயல் தளபதி பொம்மை இருக்குல்லக்கா, அதோட வாள். கோணிப்போச்சு பாருங்க. அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன். நீங்க நிமித்திக் குடுத்தா அவரு அப்படியே உருகிடுவாரு."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாளை இரண்டு கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டி, வெந்நீரில் முக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தாள். ஸ்கேல் வைத்து அளந்தது மாதிரி நிமிர்ந்துவிட்டது. நெட்டையன் சந்தோஷத்தில் குதித்தான். மேலே என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை, ஃபேன் நல்லவேளையாக ஓடவில்லை.

மத்தியானம் ஆவதற்குள் வாசலில் புயலே வந்தது. கடைக்காரர், கையில் அந்த மூக்குக்கண்ணாடிக் கூடு, முகம் ஜிவுஜிவு. பின்னால் நெட்டையன், பேயறைந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள்.

"யாரும்மா என் வாள நிமித்தினது? யாரு நிமித்தினது?"

"நான்தான் சார்... கோணிப்போயிருந்துச்சே..."

"கோணலாத்தான்மா இருக்கணும்! மொத மொதல்ல கம்பெனி அச்சுல ஒரு தப்பு. வாளெல்லாம் கோணலாவே வந்துச்சு. அப்புறம் அச்சை மாத்திட்டாங்க. அந்தக் கோணவாள் இந்த ஊர்லயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு. பொம்மை சேக்கிற அத்தன பேரும் என்னைக் கோணவாள்காரர்னுதான் கூப்பிடுவாங்க. இனிமே நான் யாரு? சொல்லுங்க, நான் யாரு?"

அக்கா நெட்டையனைப் பார்த்தாள்.

"உனக்கு இது தெரியாதாப்பா?"

"அப்பா பொம்மையப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் ம்ம் கொட்டிட்டே வேற எதாவது யோசிப்பேன்க்கா" என்று அசடு வழிந்தான்.

சின்னவள் கதவோரம் நின்றாள், முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

"சார், ஒரு நிமிஷம். நாங்க பட்டறையில உருக்குற மெழுகு பழசையெல்லாம் மறந்துடும். வினைல் மறக்காது. எந்த உருவத்துல அச்சுலேர்ந்து வந்துச்சோ அது அதுக்கு ஞாபகம் இருக்கும். நாம கை வைக்காம சும்மா வெந்நீர்ல விட்டா அந்த உருவத்துக்கே திரும்பிடும். உங்க வாள் கோணலாப் பொறந்ததுன்னா, இப்பவும் தானாவே கோணலாகும்."

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "அப்படியா? போடும்மா! இப்பவே போடு!"

கரண்டுக் கெட்டிலில் தண்ணீர் சுட வைத்து, எவர்சில்வர் பேசினில் ஊற்றி, எல்லாரும் சுற்றி நின்றார்கள். அக்கா வாளை உள்ளே விட்டாள். அது அடியில் போய்ப் படுத்தது. வாள் படுத்தது படுத்தபடி, ஈர்க்குச்சி மாதிரி நேராகக் கிடந்தது.

"சூடு பத்தலையோ?" என்றார் டிரைவர்.

இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். வாள் குழைந்ததே தவிர, ஒரு நூல்கூட வளையவில்லை. அக்காவுக்கு உண்மை விளங்கிவிட்டது. அந்த வாள் நேராகப் பிறந்த வாள். எல்லா வாளையும் போல ஒரு வாள். இவர் அலமாரியில்தான் எதற்கோ அடியில் அமுங்கிக் கோணியிருக்கிறது. இத்தனை வருஷமாக ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்த பெருமை பேசின் தண்ணீரோடு போச்சு. கடைக்காரருக்கும் அது விளங்கிவிட்டது. உதடு துடிப்பதை அவள் பார்த்தாள். ஐயோ பாவம் என்று இருந்தது.

திடீரென்று அவர் அலறினார். "கேஸ்! கேஸ் வாசன வருது! லீக் ஆகுது, பாருங்க!"

டிரைவர் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மோந்தார். சின்னவள் ஜன்னலைத் திறக்க ஓடினாள். நெட்டையன் பின்கதவுக்குப் பாய்ந்து, நிலைப்படியில் மடேரென்று இடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். அக்கா மட்டும் நகரவில்லை. அவளுக்கு எந்த வாசனையும் வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் பேசினுக்குள் கையை விட்டார், "ஸ்ஸ்... ஆ..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாளை வளைத்தார்.

நிமிர்ந்தால் எதிரே அக்கா. இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. கையும் களவுமாக அகப்பட்ட மனிதர் வெந்நீரிலிருந்து கையை எடுக்கக்கூட மறந்து நின்றார். அக்கா குனிந்து, காதோடு காதாகச் சொன்னாள்.

"நுனிப்பக்கம் இன்னும் கொஞ்சம் வளைக்கணும் சார். காலைல அப்படித்தான் இருந்துச்சு."

வளைத்தார். அவள் இடுக்கியால் லபக்கென்று எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டாள்.

"எல்லாரும் வாங்க! வளைஞ்சிடுச்சு! தானாவே வளைஞ்சிடுச்சு!" என்று கத்தினார் கடைக்காரர். வந்து பார்த்தவர்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நெட்டையன் புடைத்த நெற்றியோடு கை தட்டினான். டிரைவர் வாளைத் துடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று எல்லாரையும் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சமையலறையில் இவர்கள் இரண்டு பேர்தான். கடைக்காரர் சிவந்துபோன விரல்களை ஐஸ் தண்ணீரில் ஊற வைத்துக்கொண்டு நின்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"ஏம்மா..." என்றார் மெதுவாக. "இப்ப நீ பாத்தியே... அது வெளியாளுங்களுக்குத் தெரிஞ்சுதுன்னா நான் தலை காட்ட முடியாது."

அக்கா கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கி, மேடையை நிதானமாகத் துடைத்தாள்.

"நாங்களே வெளியாளுங்கதானே சார்."

கடைக்காரர் அவளைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். கூடத்தில் வாளைப் பிடித்துக்கொண்டு சின்னவளும் நெட்டையனும் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

"யாரு வெளியாளு? நல்லாச் சொன்னீங்க போங்க. என்னிக்கு வச்சுக்கலாம், நீங்களே ஒரு தேதி சொல்லுங்க சம்பந்தியம்மா."