தரையில் கிடந்த நாதஸ்வரம்

சோமன் என்ற பேரை ஓமனா முதலில் கேட்டது தன் கல்யாணப் பேச்சில்தான். உதியன்குளங்கரையில் இருந்த பெரியப்பா கொண்டுவந்த வரன். பையன் போலீஸில் சேர்ந்திருக்கிறான், தாய்மாமன் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிறவர், மாமனுடைய வாத்தியத்தைச் சுமந்தே வளர்ந்த பையன் என்றார். ஓமனாவின் அண்ணன் சதாசிவனும் நாதஸ்வரக்காரன், அதனால் அவனுக்கு இந்த இடம் பிடித்திருந்தது. அம்மாவுக்குத்தான் மனசில்லை. "போலீசுகாரன் சோத்துக்கு வாற நேரம் அவனுக்கே தெரியாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். ஓமனாவைக் காட்டாக்கடையில் கொடுத்தார்கள்.

அடுத்து அந்தப் பேர் அவள் காதில் விழுந்தது கோயில் உற்சவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது, சதாசிவன் செத்த அன்று காலையில். உற்சவத்துக்கு வரும் வாத்தியக்காரர்கள் தங்குகிற கொட்டகையில் தலையில் அடிபட்டுக் கிடந்தான். பக்கத்தில் அவனுடைய நாதஸ்வரம் சேற்றோடு கிடந்தது. ஊர்க்காரர்கள் வாசலை அடைத்து நின்றார்களே தவிர ஒருத்தரும் உள்ளே கால் வைக்கவில்லை. கொலை நடந்த இடத்தில் எதையும் தொடக்கூடாது என்று டி.வி. பார்த்து எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"எஸ்.ஐ. சோமன் சாறு வாறாரு, வழி விடுங்க மக்கா" என்றது ஒரு குரல்.

சோமன் உள்ளே போனார். உடலைப் பார்க்க அந்தப் பக்கம் போகவேண்டும், நடுவில் நாதஸ்வரம். தூக்கின காலை அப்படியே நிறுத்தினார். குனிந்து அதை எடுத்தார். கைக்குட்டையால் சேற்றைத் துடைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, பெஞ்சின் மேல் வைத்தார். அப்புறம்தான் உடலருகே உட்கார்ந்தார்.

வாசலில் நின்ற ஓமனாவுக்கு அந்த அழுகையிலும் ஒரு ஆறுதல். நல்ல இடத்தில் பிறந்தவர் என்று நினைத்தாள். கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து கைரேகை எடுக்க வந்த பிரசீதாவுக்குத்தான் தோன்றியது. நாதஸ்வரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத ஆரு துடச்சது?"

"நானாக்கும்" என்றார் சோமன்.

"எதுக்கு சாறே?"

"தரையில கிடந்துது."

சொன்ன பிறகுதான் சோமன் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்துப் பார்த்தார்.

சதாசிவனை அடித்தது அந்த நாதஸ்வரத்தால்தான் என்று டாக்டர் எழுதினார். அடித்தது யார் என்று ஊருக்கே தெரியும். தவில்காரன் உண்ணி, ஓமனாவுக்கு அப்பாவின் தங்கை மகன். குடித்துவிட்டு வருகிறவனுக்கு இனி என் செட்டில் இடமில்லை என்று முந்தின சாயங்காலம் சதாசிவன் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தான். நான் வீட்டில் படுத்திருந்தேன், கொட்டகைப் பக்கமே போகவில்லை என்று உண்ணி சாதித்தான். சதாசிவன் தன் வாத்தியத்தை வேறொருத்தர் தொட விடமாட்டான். அதில் உண்ணியின் விரல் பதிந்திருந்தால் அவன் வாயடைத்துப் போயிருப்பான். பதிந்தது சோமனின் கைக்குட்டையோடு போயிற்று.

அதற்கப்புறம் சோமன் வீடு வீடாக ஏறி இறங்கினார். கோயில் வாசலில் பூக்கட்டும் லேகா, விடியற்காலை உண்ணி கொட்டகையிலிருந்து இறங்கிப் போனதைப் பார்த்தவள். ஓமனாவிடம் அவளே சொன்னதுதான். ஸ்டேஷனில் கேட்டபோது, "நான் ஆரையும் பாக்கல்ல சாறே" என்றுவிட்டாள்.

ஓமனா அவளை வழியில் மறித்தாள். "நேத்து எங்க வீட்டு அடுக்களையில இருந்து சொன்னியே, பிள்ளே?"

"அது அடுக்களையில சொன்னதாக்கும். அவனுக்க அக்காளை எனக்க கொழுந்தனுக்குக் குடுத்திருக்கு. நாளைக்கு அந்த வீட்டுல நான் தண்ணி குடிக்கண்டாமா?"

எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். ஒருத்தன் உண்ணிக்கு மச்சான், ஒருத்தன் சகலை. தேயிலைத் தண்ணி போட்டுக் கொடுப்பார்கள், சதாசிவனை நினைத்துக் கண்ணையும் துடைப்பார்கள், கையெழுத்து மட்டும் போடமாட்டார்கள். ஒருநாள் ஓமனாவின் பிறந்த வீட்டுப் படியில் சோமன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"பாறையில முட்டுற மாதிரி இருக்கு, ஓமனா."

"முட்டுங்க. கையில இருந்தத துடச்சுக் களஞ்சது ஆரு? எனக்க அம்மா அண்ணைக்கு உங்கள வேண்டாம்னது எவ்வளவு நல்லது."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

கேஸ் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு வந்தது. உண்ணியின் வக்கீல் அதிகம் பேசவில்லை. "இந்த நாதஸ்வரத்தில் இருந்தது எஸ்.ஐ.யுடைய கைரேகை மட்டும்தான். அப்படியானால் யாரைக் கூண்டில் ஏற்றுவது?" என்றார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சோமன் மறைக்கவில்லை, நான்தான் எடுத்துத் துடைத்தேன் என்று சொல்லிவிட்டு நின்றார். உண்ணியை விட்டுவிட்டார்கள்.

கோர்ட்டு வாசலில் ஓமனா அவர் முன்னால் போய் நின்றாள். "அத அங்கேயே போட்டிருக்கப்பிடாதா, சாறே?"

"போட்டுட்டு எப்பிடித் தாண்டுவேன்? அண்ணைக்கு நீ உள்ள போயிருந்தா தாண்டியிருப்பியா?"

தாண்டியிருக்கமாட்டாள். அதுவே அவளுக்குக் கோபத்தை இன்னும் கிளப்பியது. பஸ்ஸுக்கு நடந்தாள். அடுத்த உற்சவத்தில் உண்ணிதான் தவில் வாசித்தான். ஓமனா காட்டாக்கடையை விட்டு வரவில்லை.

சோமன் இப்போது பொழியூர்ப் பக்கம் இருக்கிறார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதுகிற வேலை. கொலைக் கேஸ் எதையும் அவரிடம் கொடுப்பதில்லை.